புதன்கிழமை வேண்டாமாம்

ஊருக்கு ஓடிய பஸ்ஸை அடியோடு நிறுத்தியபோது கண்டக்டருக்கு இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. பதினெட்டு வருஷம் விசில் ஊதிய வேலை போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஒரே வண்டியும் போயிற்று. டீசல் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார் முதலாளி. வேறு பஸ் விட யாருக்கும் தோன்றவில்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு அது ஏன் தோன்றப்போகிறது?

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. திங்கள், புதன், வெள்ளி மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். சிகிச்சை இலவசம், போய்ச் சேரத்தான் காசு. முப்பத்தெட்டு கிலோமீட்டர். தையல் வேலை செய்யும் மனைவி பழைய ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினாள்.

பங்க்கில் ‘ஸ்டாக் இல்லை’ என்று அட்டை தொங்கும். அதே பங்க்கின் பெட்ரோல் எதிரே பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டிலில் இரண்டு மடங்கு விலைக்குக் கிடைக்கும். பகல் கொள்ளை. அவளுக்கு வயிறு எரியும். வழி நெடுகப் புலம்புவாள்.

“பாவிப்பய, நேத்து ஒரு விலை, இன்னைக்கு ஒரு விலை! நாலு சட்டை தைச்ச கூலி அப்படியே டேங்க்ல போச்சு!”

“டிக்கெட் வேணும்னா எடுத்துக்கறேன்மா. சில்லறை இல்ல, பரவாயில்லையா?” என்பார் கண்டக்டர். அவளும் சிரித்துவிடுவாள். அடுத்த முறை மறுபடி புலம்புவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சிகிச்சை முடிந்து முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

“உடம்பு தேறிடுச்சாம். இனி புதன்கிழமை வேண்டாம்னுட்டார் டாக்டர்.”

நோயாளிகளை மட்டுமே உள்ளே விடுவார்கள் என்பதால் அவள் டாக்டரைப் பார்த்ததில்லை. அன்று தலைகால் புரியாமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் பாதி அவர் உடம்புக்கு, பாதி பெட்ரோலுக்கு.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதே குறைந்துபோனது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். டீயைத் தள்ளி வைத்தார்.

“என் டீ இப்ப கசக்குதோ?” என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம், ஞாயிறு காலை, அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டால் டீசல் இல்லை, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பெட்டிக்கடையில் கேட்ட விலையைக் கொடுத்து இரண்டு பாட்டில் வாங்கினாள். போர்வையால் அவரைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு ஓட்டினாள். அன்று அவள் புலம்பவில்லை.

நர்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். “அஞ்சு வாரமா புதன்கிழமை ஏம்மா கூட்டிட்டு வரல? பெட் காலியாவே கிடக்குது. கேட்டா, ‘வீட்ல தெரியும்’கிறார்!”

“டாக்டர்தானே வேண்டாம்னு...”

“எந்த டாக்டர்மா அப்படிச் சொல்வாங்க? நுரையீரல் பூரா தண்ணி!”

உள்ளே ஓடினாள். மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கி அவர் சிரிக்கப் பார்த்தார்.

“கோவிச்சுக்காத. வாரம் நாலு சட்டை மிச்சம்ல?”

மிஷினில் போடுவதற்குள் போய்விட்டார்.

மதியம் பிண வண்டிக்காரர் அவளிடம் வந்து நின்றார். “முப்பத்தெட்டு கிலோமீட்டரா? டீசல் விக்கிற விலை தெரியும்லம்மா. இன்னைக்கு ரேட்டு...”

“எவ்வளவானாலும் சரிண்ணே. கூட்டிட்டுப் போகலாம்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. இத்தனை மாதத்தில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, பின்னால் உட்கார்ந்திருந்தவர் காதுபட அதைச் சொல்லவில்லையே. நெஞ்சில் அறைந்துகொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டிக்காரர் விலையைச் சொல்லாமலே வண்டியின் கதவைத் திறக்கப் போனார்.