பாய்மரத்துக்குச் சொன்னது

என் மாமனார் சிவசுப்பிரமணியம் ஆறு வருஷமாக என்னோடு நேரே பேசியதில்லை. பருத்தித்துறையில் பிறந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். இரத்தோட்டைத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் என்னை மகள் வாகினி கல்யாணம் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்காகச் சண்டை பிடிக்கிறவர் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று வாகினியிடம் சொல்வார். சோறு வந்துவிடும். ஆனாலும் எனக்கு வலித்தது.

பேச்செல்லாம் தோணியைப் பற்றித்தான். அவருடைய அப்பாவிடம் இரண்டு பாய்மரம் வைத்த மீன்பிடித் தோணி இருந்ததாம். வேப்பம் பலகையில் கட்டியது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியதும் கடலில் இறக்குவார்கள். இவர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கரையில் நின்று பாய் விரிவதைப் பார்ப்பார். பதினாறு வயதில் தாமே சுக்கான் பிடித்தாராம். இதெல்லாம் வாகினிக்குச் சொல்லப்பட்டவை. எனக்கு யாரும் சொல்லாமலே அந்தத் தோணி எத்தனை முழம் என்பதுகூடப் பாடம்.

வாகினிக்கு வேலையில் வில்கமுவைக்கு மாற்றல் வந்து, மாமாவோடு மூவரும் அங்கே போனோம். வாடகை வீட்டுக்கு முன்னால் பெரிய குளம். ஆடி மாதக் காற்றில் மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளத்தில் மீன் பிடிக்கும் சிங்களவர் ஒருவரிடம் வள்ளத்தை இரவல் வாங்கி, கமுகந்தடியை நட்டு, நீலத் தறப்பாளைப் பாயாகக் கட்டினார். பாயின் கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று மகளிடம் சொன்னார். வாகினி என்னைப் பார்த்தாள். எனக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, தெரியாது என்று நானும் சொல்லவில்லை. முதல் தடவையாக அவருக்கு நான் தேவைப்பட்டேன்.

நடுக்குளத்தில் பாய் புடைத்தது. மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. சொல்லி அனுப்ப வாகினி இல்லாததால் அவர் பாய்மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கயிறைக் கட்டக்கூடாது. கையிலைதான் வச்சிருக்கோணும், காத்து அடிச்சா இளக்கி விடோணும்."

பாய்மரத்துக்குத்தான் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன். லொறியில் கொழுந்து மூட்டை கட்டிப் பழகிய கை. இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். நல்ல முடிச்சு. அடுத்த காற்றுக்கு அது அசையவில்லை, வள்ளம்தான் கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது என் சட்டைக் கொலர் மாமாவின் கையில் இருந்தது.

"ஆர் காணும் உம்மைக் கட்டச் சொன்னது?"

"நீங்க பாய்மரத்துக்கிட்டதானே சொன்னீங்க, மாமா," என்றேன், தண்ணீர் குடித்தபடி.

அவர் என்னை வள்ளத்துப் பக்கம் இழுத்தார். கவிழ்ந்த வள்ளத்தில் ஒரு கையும் என் கொலரில் ஒரு கையுமாக, ஆட்கள் வரும்வரை விடாமல் பிடித்திருந்தார். இன்னொரு வள்ளத்தில் வந்த, இரவல் கொடுத்த சிங்களவர் முதலில் தன் வள்ளத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு இந்த ஆள் யார் என்று மாமாவிடம் சிங்களத்தில் கேட்டார்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மருமகன் என்று சிங்களத்திலேயே சொன்னார். நல்ல பிள்ளை, கயிறுதான் தெரியாது என்றும் சொன்னார்.

மருமகன் என்ற சொல்லை அவர் தமிழில் சொல்லி நான் கேட்டதில்லை. நல்ல வேளை, எனக்குச் சிங்களம் தெரியும்.