முகம் வாங்கும் மெத்தை

மெத்தைக்காரர் தம் கடைக்கு மேலேயே குடியிருந்தார். கீழே பஞ்சு பறக்கும் அறை. மேலே, மருத்துவமனையிலிருந்து அன்று காலை வந்து சேர்ந்த மகளின் அறை. நெடுங்காலம் வேண்டிப் பெற்ற பிள்ளை. மாடிப்படி ஏறுமுன் அவர் சட்டையை மாற்றி, கைகால் கழுவி, தலைமயிரில் ஒட்டிய பஞ்சைச் சீவி எடுத்தார். கருவறை வாசலில் நிற்பவருக்கும் அவ்வளவு சிரத்தை இராது.

அவருடைய தொழிலில் ஒரு சோதனை உண்டு. தைத்து முடித்த மெத்தையில் முகத்தைப் புதைத்து, சற்றே அழுந்தி, எழுந்து பார்ப்பார்கள். முகத்தின் குழி அப்படியே நின்றால் "மெத்தை முகம் வாங்குது" என்பது வழக்கு. அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி அத்தொழிலில் கிடையாது. முகம் வாங்காத மெத்தை எதுவும் அவர் கடைப்படியைத் தாண்டியதில்லை.

மகளுக்கென்று அவர் செய்தது அவற்றுள் எல்லாம் தலையாயது. இலவம்பஞ்சை விதையும் தூசும் நீங்கத் தாமே ஆய்ந்து, நுரைபோல் எழும்பும்வரை கோலால் அடித்து, மெல்லிய துணியில் நிறைத்திருந்தார். இருபுறமும் இரு சிறு திண்டுகள். உள்ளங்கை அகலத்தில் ஒரு தலையணை. மேலே போர்த்தப் பஞ்சடைத்த போர்வை. கம்பியடைத்த தொட்டிற்கட்டிலை வாங்கிய கடையில் அதோடு கொடுத்த மெத்தை ஒன்றும் இருந்தது. ஒல்லியாய், விறைப்பாய், தட்டையாய் இருந்த அதைக் கதவைத் தட்டுவதுபோல் தட்டி, "உள்ள யாருங்க?" என்று கேட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டார்.

"மாப்ளே, இதுல நான் படுத்தா என்னை எழுப்பாதீங்க," என்றார் அவர் மனைவியின் அண்ணன். கடையில் தையல் வேலை அவருடையது. உடம்பும் அதற்கேற்றாற்போல் மெலிந்ததால் எல்லாருக்கும் அவர் ஊசி.

"உங்க காலு ரெண்டும் கம்பிக்கு வெளிய தொங்கும், மச்சான். போறவங்க வர்றவங்க இடிச்சே எழுப்பிடுவாங்க."

குழந்தையை ஏந்தியபடி மனைவி தொட்டிற்கட்டிலருகே வந்தாள். அந்நேரத்தில்தான் வீடுதேடி வந்து தாயையும் சேயையும் பார்க்கும் செவிலி படியேறி வந்தார். வந்தவர் குழந்தையைப் பார்க்குமுன் படுக்கையைப் பார்த்தார். உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தினார். கை மணிக்கட்டுவரை உள்ளே போயிற்று.

"வச்ச கையைக் காணோமே. யாரு செஞ்சது?"

"நான்தாங்க," என்றார் மெத்தைக்காரர், குரலை அடக்கமாய் வைத்துக்கொள்ள முயன்றபடி.

"அருமையா இருக்கு. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க. ஆனா பாப்பாவுக்கு இது வேண்டாம்."

மெத்தைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "ஏன் சிஸ்டர்? இதவிட மெத்துன்னு எங்க கிடைக்கும்?"

"அதனாலதான் வேண்டாங்கறேன். கெட்டியான மெத்தை, இழுத்து மாட்டின விரிப்பு. தூங்க வைக்கிறப்போ எல்லாம் மல்லாக்கப் படுக்க வைங்க. அவ்வளவுதான்."

"தலையணை?"

"வேண்டாம்."

"பக்கத்துல அணைச்ச மாதிரி ஒரு திண்டு?"

"வேண்டாம். போர்வையும் வேண்டாம், போட்டிருக்கிற உடுப்பு போதும்."

"ஒரு பொம்மையாவது வைக்கலாமா?" என்றார் ஊசி.

"உங்க கட்டில்ல வச்சுக்கங்க," என்றார் செவிலி சிரிக்காமல்.

மெத்தைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறவன் பொண்ணு, பலகையில படுக்கிறதா?"

செவிலி குரலை உயர்த்தவில்லை. "பஞ்சுல முகம் புதைஞ்சா இவளால தலையைத் திருப்பிக்க முடியாதுங்க. விட்ட மூச்சையே மறுபடி இழுத்துக்கிட்டு கிடப்பா. சத்தங்கூட வராது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆகும்னு சொல்லல. எந்தக் குழந்தைக்கு ஆகும்னு யாருக்கும் தெரியாது." சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

மனைவி கணவனைப் பார்த்தாள். "சொல்லுங்க. எங்க படுக்க வைக்கட்டும்? எனக்குக் கை கடுக்குது."

அவர் தொட்டிற்கட்டிலின் மேல் குனிந்து, தம் வழக்கப்படி, சிறு மெத்தையில் முகத்தைப் புதைத்தார். இச்சோதனையில் மெத்தைக்காரர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். இழைப்பஞ்சு மூக்கில் ஏறிவிடும் என்று தொழிலுக்கு வந்த அன்றே படிகிற பழக்கம் அது. அடக்கிய மூச்சோடுதான் அவர் வாழ்நாளெல்லாம் மெத்தைகளை மெச்சியிருந்தார். மெத்தைக்குள் மூச்சுவிட்டுப் பார்த்தவர் அவர்கள் குலத்தில் எவரும் இல்லை.

அன்று விட்டுப் பார்த்தார்.

பஞ்சு இளகி நெற்றியையும் கன்னத்தையும் மூக்கையும் தழுவிக்கொண்டது. விட்ட மூச்சு எங்கும் போகவில்லை. வெதுவெதுப்பாய் உதட்டிலேயே நின்றது. அடுத்த மூச்சில் அதுவே உள்ளே வந்தது; அதற்கடுத்ததில் இன்னும் சூடாய் வந்தது. தாம் செய்தவற்றிலெல்லாம் சிறந்தது தம் முகத்தை வாங்கிக்கொண்டு, திருப்பித் தர மனமில்லாமல் கிடந்ததை உணர்ந்தார். தலையை உயர்த்தினார். கழுத்து சொன்னபடி கேட்டது.

நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் தலை தாயின் உள்ளங்கையில் இருந்தது. தாய் விரலைச் சற்றே தளர்த்தினாலும் பூங்காம்புபோல் அது சாயும்.

மெத்தைக்காரர் போர்வையை எடுத்தார். தலையணையை எடுத்தார். திண்டுகளை எடுத்தார். முகக்குழி நிலைத்திருந்த மெத்தையை இருகையாலும் தூக்கி வெளியே வைத்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்த விறைத்த மெத்தையை உருவித் துடைத்துப் பொருத்தினார். ஓரங்களில் விரல் நுழைய இடமிருக்கிறதா என்று சுற்றிலும் தடவினார், இல்லை.

"விரிப்ப என்கிட்ட குடுங்க," என்றார் ஊசி. "சுருக்கம் விழாம இழுக்கத்தானே எனக்குச் சோறு போடுறீங்க." அவர் இழுத்த இழுப்பில் விரிப்பு முரசின் தோல்போல் நின்றது. திரும்பி வந்த செவிலி உள்ளங்கையை வைத்து அழுத்தினார். இம்முறை கை மேலேயே நின்றது. தலையசைத்தார்.

தாய் பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினாள். பிள்ளை திடுக்கிட்டு இரு கைகளையும் விரித்தது. வானத்தையே அளப்பதுபோல் விரித்தது. பின் கைகள் மெல்லத் தாழ்ந்தன. கண் செருகியது.

வெறுமையான அந்த வெண்பரப்பின் நடுவே அவள் ஒருத்தி. பேரூழி வெள்ளத்தில் ஓர் ஆலந்தளிர்மேல் துயின்ற பிள்ளையை மெத்தைக்காரர் நாள்தோறும் பாடித் தொழுகிறவர். உலகுண்ட வயிற்றையும் அறிதுயிலையும் பாடிய அவருக்கு, அத்தளிரில் தலையணை இல்லை, திண்டு இல்லை, போர்வை இல்லை என்பது இத்தனை ஆண்டாய்த் தோன்றவேயில்லை. மேனி சிலிர்த்தது.

குழந்தையின் மூச்சு ஓடிற்று. குருவியின் நெஞ்சுபோல் விரைந்து ஓடிற்று. பின் நின்றது. அவர் கை கம்பியை இறுகப் பற்றியது. நிற்கிறதே என்று நினைக்குமுன் மறுபடி ஓடிற்று.

"சிஸ்டர்."

"பச்சப்புள்ளைங்க அப்படித்தாங்க. ஓடும், கொஞ்சம் நிக்கும், ஓடும். ரொம்ப நேரம் நின்னுட்டாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி வாங்க. மத்தபடி பார்த்துக்கிட்டு இருங்க. உங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே இது இருக்கட்டும். அவ எடத்துல அவ தூங்கட்டும்."

கீழே யாரோ ஒரு வாடிக்கையாளர் குரல் கொடுத்தார். எப்போதும் மாடியிலிருந்தே கத்திப் பதில் சொல்லும் ஊசி, செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"உட்காருங்களேன்," என்றாள் மனைவி கணவனிடம்.

"இருக்கட்டும்மா."

அவருக்குக் கைகள் குறுகுறுத்தன. எதையாவது சரிசெய்ய வேண்டும், எதையாவது இழுத்துவிட வேண்டும். சரிசெய்ய அங்கே ஒன்றுமே இல்லை. காற்று மட்டும் இருந்தது. அது யார் ஏவலும் இன்றி அச்சிறு நாசிக்குள் போயிற்று, அச்சிறு வயிறு எழுந்தது, தாழ்ந்தது. அவர் அறியாமலே அவருடைய இரு கைகளும் கம்பியை விட்டு, மார்பின்மேல் குவிந்தன.