இறங்கிக்கொண்டே போன பெடல்

அந்த பிக்கப் வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதன்மேல் பயம். செடி விற்கும் நர்சரி ஒன்றின் பின்பக்கம் ஆறு வருடம் கிடந்த வண்டி. ஜன்னல் வழியாக உள்ளே புகுந்த கொடி ஒன்று ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு, கூரையில் துருவரித்த ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. இடம் காலியானால் போதும் என்று நர்சரிக்காரர் அதை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார். அவள் கணவன் கயிறு கட்டி இழுத்து வந்து, கேட்டிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏறும் சிமெண்ட் சரிவில், மூக்கு வீட்டைப் பார்க்க, வால் தெருவைப் பார்க்க நிறுத்தினான்.

பதினோரு வருடம் அவன் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினான். கம்பெனி மூடப்பட்டபின் எங்கே போனாலும், சொந்த வண்டி இருந்தால் வா, சரக்கு ஏற்றலாம் என்றார்கள். புது வண்டி கனவிலும் நடக்காது. இதைத் தேற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். ஓட்டத் தெரியும். ரிப்பேர் வேலை பாதி தெரியும். மீதிப் பாதியை போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான்.

காயலான் கடைக்குப் போகாத நாளில்லை. ஒரு கதவு ஒரு வண்டியிலிருந்து வந்தது, முன்விளக்கு இன்னொன்றிலிருந்து வந்தது. பழைய டியூபை வெட்டி வாஷர் செய்தான். தையல் வேலை செய்யும் அவள், மிஞ்சிய தார்ப்பாயில் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். பானெட் நீலம், ஒரு கதவு வெள்ளை, மற்றது செம்மண் நிறம். "ஊரெல்லாம் கேட்டு வாங்கிப் போட்ட சட்டை மாதிரி இருக்கு" என்றார் நாத்தனார். கணவனின் அக்கா அவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்து, இவர்களோடு இருந்தார்.

மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது அவள் காது முழுக்க வாசலில்தான் இருக்கும். சுத்தியல் சத்தம் கேட்கிற வரை நிம்மதி. சத்தம் நின்றால் அவள் காலும் நின்றுவிடும். எழுந்து ஜன்னலருகே போய், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களும் அசைகின்றனவா என்று பார்ப்பாள். ஒருமுறை அவள் கண்ணெதிரிலேயே ஜாக்கி சாய்ந்து வண்டி தொப்பென்று இறங்கியது. ஒரு நொடி முன்புதான் அவன் கையை வெளியே எடுத்திருந்தான். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ சிரித்தான்.

"சக்கரத்துக்குக் கல்லு வெச்சீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"வெச்சாச்சு, வெச்சாச்சு. பயந்தாங்கொள்ளி" என்பான்.

எட்டாவது மாதத்தில் பிரேக் வேலைக்கு வந்தான். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டரும் காயலான் கடைச் சரக்குதான். அதற்குள் இருந்த ரப்பர் வளையங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"புதுசு போட்டா என்ன?" என்று கேட்டாள்.

"இதுவே நல்லாத்தான் இருக்கு. அந்தக் காசுக்கு பெயிண்ட் வாங்கிடலாம்."

எண்ணெய்க் குழாய்களுக்குள் சிக்கிய காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் கீழே படுத்து, சக்கரத்தின் உட்பக்கம் இருக்கிற சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். ஒரு மத்தியானம், நாத்தனார் சோப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான்.

ஏறுவதற்கு முன் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தாள். வலப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல், வலப்பக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் இன்னொன்று. ஹேண்ட் பிரேக்குக்குக் கேபிள் இன்னும் வாங்கவில்லை. கியர் போட்டாலும் நிற்காது. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் கழற்றிச் சுவரோரம் போட்டிருந்தான்.

"ரெண்டே ரெண்டு செங்கல்தானா?"

"நிக்குதுல்ல? ஏறு."

வேலை நன்றாகத்தான் நடந்தது. "அழுத்து" என்பான். "அழுத்திட்டேன்" என்பாள். "பிடி, விடாதே" என்று திருகைத் திறப்பான். பெடல் காலோடு இறங்கும். மூடிவிட்டு "விடு" என்பான். வலப்பக்கம் முடிந்ததும் இடப்பக்கம் போய்ப் படுத்தான். வலப்பக்கம் படுக்க இடைஞ்சலாக இருந்த பின்சக்கரச் செங்கல்லை நகர்த்தி வைத்ததை அவன் மறந்துவிட்டான். இடப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தலை வண்டிக்கடியில் இருக்க, உடம்பு டயரின் பாதையில் குறுக்கே கிடக்க, கால்கள் வெளியே நீண்டிருந்தன.

மூன்றாவது முறை "விடு" என்றான். அவள் காலை எடுத்தாள். முன்சக்கரத்துச் செங்கல் காய்ந்த ரொட்டி போல நொறுங்குகிற சத்தம் கேட்டது. எதிரே இருந்த வீட்டுச் சுவர் மெல்ல விலகிப் போயிற்று.

வண்டிதான் போகிறது என்று புரிவதற்குள் கால் மிதித்துவிட்டது. பெடல் வெறுமையாக இறங்கியது. எடுத்து மறுபடி மிதித்தாள். பிடித்தது. வண்டி குலுங்கி நின்றது. கீழேயிருந்து வந்தது அலறல் இல்லை, சாக்கு மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு மூச்சு.

"என்னங்க?"

காலை எடுக்காமல் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"என்னங்க, பேசுங்க."

"சட்டை டயருக்கு அடியில..." என்றான். பிறகு, "டயர் விலாவுல முட்டிக்கிட்டு நிக்குது. கை மாட்டிக்கிச்சு. வர முடியல. காலை எடுத்துடாதே."

"எடுக்க மாட்டேன்."

உடம்பின் மொத்த பாரத்தையும் வலது காலில் போட்டாள். ஹாரனுக்குப் பேட்டரி இல்லை. போன் உள்ளே மிஷின் மேல் இருந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும், அதுவரை இப்படியே மிதித்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தபோதுதான் காலில் அதை உணர்ந்தாள்.

பெடல் இறங்கிக்கொண்டிருந்தது. மெழுகில் கால் வைத்தது போல, வெகு மெதுவாக. எண்ணெய் வெளியே எங்கும் ஒழுகவில்லை. அந்தப் பழைய ரப்பர்தான் உள்ளுக்குள்ளேயே கசியவிட்டது. இன்னும் அழுத்தினாள். இறங்குவது குறைந்தது, நிற்கவில்லை. தரையைத் தொட்டுவிட்டால் பிரேக் இருக்காது. அதற்குள் காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். எடுக்கிற அந்த ஒரு கணம் வண்டியைப் பிடிக்க ஒன்றுமே கிடையாது.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் செய்வது அதைவிடக் கொடுமை.

"பெடல் இறங்குதுங்க. ஒரு தடவை எடுத்து மிதிக்கணும்."

"எவ்வளவு இருக்கு?"

"நாலு விரல்கட்டை. இல்ல, மூணு."

"எடுத்தா உருளும்."

"தெரியும். மூச்சை வெளிய விட்டுட்டு அப்படியே இருங்க. நான் சொல்றப்ப."

"சரி" என்றான். குழந்தை சொல்வது போல இருந்தது அந்தச் 'சரி'.

"இப்ப."

எடுத்தாள், மிதித்தாள். கண்ணிமைக்கும் நேரம்தான். வண்டி அசைந்து நின்றது. கீழே ஏதோ பட்டென்று முறிந்தது. அவன் அலறினான். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அவளும் கத்தினாள். பெடல் மேலே வந்திருந்தது. உடனே இறங்கவும் தொடங்கியது.

இன்னும் எத்தனை தடவை தாங்கும்? அதைக் கணக்குப் போட மனம் போனபோது, வேண்டாம் என்று தன்னையே அதட்டினாள். மிஷினில் ஒரு தையல், அரைத் தையல் என்று நிறுத்திப் பழகிய கால் அது. அந்தக் காலை மட்டும் நம்பினாள். இரண்டாவது தடவை இன்னும் வேகமாக மிதித்தாள். அவன் முனகினான், அலறவில்லை. விரிசல் விட்ட பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். தெருக்கோடியில் நாத்தனார் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணி!"

கேட்கவில்லை. நாத்தனார் இருபது அடி நடந்தார். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று முழங்காலை நீவினார். பையை இடக்கைக்கு மாற்றினார். மறுபடி நடந்தார். பெடல் பாதிக்கு வந்துவிட்டது. அவள் வாழ்நாளில் யாரையும் அப்படிக் காத்திருந்து பார்த்ததில்லை.

கேட்டுக்கு வந்ததும் நாத்தனார் கண்ணில் பட்டவை தம்பியின் கால்கள். பை கீழே விழுந்தது. கேட் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உறைந்துவிட்டார்.

"அண்ணி, அவரைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

"ஐயோ, என் தம்பி..."

"உசிரோடதான் இருக்காரு. உள்ள போய் என் அயர்ன் பெட்டியை எடுத்துட்டு வாங்க. கரி போடுற பெரிய பெட்டி."

"அது எதுக்குடி?"

"எடுத்துட்டு வாங்கன்னு சொல்றேன்ல."

மூத்தவரிடம் அவள் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. நாத்தனார் ஓடினார். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு எப்படி ஓடினார் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை. இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் அவள் மூன்றாவது தடவை எடுத்து மிதித்திருந்தாள். கீழே முனகலும் இல்லை.

"வலப்பக்கம் பின்சக்கரம். கூர் முனையை டயருக்கு அடியில செருகுங்க. பின்னால நிக்காதீங்க, பக்கத்துல உட்காருங்க."

"செங்கல் ஒண்ணு இங்கேயே கிடக்குடி."

"செங்கல் வேண்டாம் அண்ணி, நொறுங்கிடும்."

நாத்தனாரால் உட்கார முடியாது. விழுந்தார் என்றே சொல்லவேண்டும். படகு போன்ற பெட்டியின் மூக்கை டயருக்கடியில் செருகி, உள்ளங்கையால் அடித்து இறுக்கினார். "வெச்சுட்டேன்."

"கையை எடுத்துடுங்க. என்னங்க, கடைசியா ஒரு தடவை. கேக்குதா?"

கேட்டதா என்று தெரியவில்லை. பெடல் தரையைத் தொட்டுவிட்டது. டயர் பெட்டியின் மூக்கில் ஏறியது. இரும்பு சிமெண்டில் கிறீச்சென்று இழுபட்டது. பிறகு கடித்துக்கொண்டு நின்றது.

நாத்தனாரின் கூக்குரல் கேட்டுத் தண்ணீர் கேன் போடுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். ஜாக்கி போட்டு இடச்சக்கரத்தை அரை அடி தூக்கி, அவன் கால்களைப் பிடித்து வெளியே இழுத்தார். முகம் சாம்பலாக இருந்தது. வாய் திறந்து மூச்சு வாங்கியது. உயிர் இருந்தது.

"காலை எடும்மா, எல்லாம் முடிஞ்சுது" என்றார் நாத்தனார்.

அவளால் எடுக்க முடியவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. நாத்தனார் குனிந்து, இரண்டு கையாலும் அவள் பாதத்தைப் பெடலிலிருந்து தூக்கிக் கீழே வைத்தார்.

மூன்று விலா எலும்புகளில் முறிவு. நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் அவன் நாற்காலியில் சாய்ந்தபடியே கிடந்தான். எழுந்து நடமாடத் தொடங்கியபின்னும் வாசல் பக்கம் போகவில்லை. போகவேண்டி வந்தால் சுவரை ஒட்டி, வண்டியைப் பார்க்காமல் நடந்தான். ஒருநாள் அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"காயலான் கடைக்கே கொடுத்துடலாம்."

"அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?"

"தெரியல. அதுக்கு அடியில என்னால போக முடியாது." வெட்டிய துணியை எடுத்து மடித்து வைத்தான். "உன்னைப் போய் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேனே."

"எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "அதனாலதான் சொல்றேன். பெயிண்டே வேண்டாம். சிலிண்டர் புதுசு வாங்குங்க. ஹேண்ட் பிரேக் கேபிள் வாங்குங்க. நான் போய் உட்கார்றேன்."

"நீயா? மறுபடியுமா?"

"வேற யாரு உட்காருவா?"

நாத்தனார் தன் பங்குக்கு, பரணில் கிடந்த பழைய கட்டிலின் கால்களைத் தச்சரிடம் கொடுத்து ஆறு கட்டைகள் அறுத்து வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் ஆப்பு போலச் சரிந்த கனமான மரம். வேலை நடந்த அன்று தெருவிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆறு கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவன் டயரின் பாதையில் படுக்கவில்லை, முன்பக்கமாக நுழைந்தான். "அழுத்து" என்று சொல்ல அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் அழுத்தினாள். பெடல் பாதியில் கல்லாக நின்றது. பத்து நிமிடம் மிதித்தபடியே இருந்தாள். நூலளவும் இறங்கவில்லை. அப்படியும் அவள் முதுகு ரவிக்கையோடு நனைந்திருந்தது.

நீளத் தண்டையும் மாட்டி வண்டி முதன்முதலாகத் தெருவில் இறங்கிய காலையில், அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் ஏற மறுத்துவிட்டார்.

"ஏறுக்கா, முனை வரைக்கும்தான்."

"நீ ஓட்டு. நான் நடந்து வரேன்."

அவன் நடைவேகத்திலேயே ஓட்டினான். மூன்று நிற வண்டி புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. பக்கத்திலேயே நாத்தனார், கையில் ஒரு மரக்கட்டையோடு, விந்தி விந்தி நடந்தார். வண்டி எங்கே நின்றாலும் குனிந்து அதைப் பின்சக்கரத்துக்கடியில் வைத்தார். கிளம்பும்போது எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.