இடது ஓரம்

1
இந்தக் கதை எனக்குத் தோன்றியது ஒரு கண் ஆய்வுக்கூடத்தில், தாடையைத் தாங்கியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தபோது. விளையாட்டு வீரர்களின் கண்கள் எப்படி நகர்கின்றன, மற்றவர்களுடையவை எப்படி நகர்கின்றன என்று ஒப்பிடும் ஆய்வு. நான் ‘மற்றவர்’. கடைசியாக நான் ஓடியது பஸ்ஸைப் பிடிக்க, அதையும் விட்டுவிட்டேன். வீரன் என் தம்பி. கால்பந்தில் கோல்கீப்பர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பருந்துக் கண் கொண்ட அவன், பந்தை...’ (வேண்டாம். பருந்துக்கு இங்கே வேலையில்லை.)

2
அணியில் அவன் பட்டப்பெயர் சுவர். இறுதிப் போட்டியில், இடப்பக்கம் மெதுவாக உருண்டு வந்த பந்தை அசையாமல் உள்ளே விட்டான். தோற்றார்கள். “விலை போயிட்டான்” என்றான் கேப்டன், எல்லார் முன்னாலும். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த நண்பன். தம்பியை அணியிலிருந்து நீக்கினார்கள்.

“அப்புறம் எதுக்குடா இந்த டெஸ்ட்டு?” என்று கேட்டேன்.

“அங்கயாவது விளையாட்டுக்காரன்னு எழுதிப்பாங்கக்கா.”

3
திரையில் பந்து பறந்தது. என் கண்கள் அதன் பின்னாலேயே ஓடின. அவன் கண்களோ பந்து விழப்போகும் இடத்துக்கு முன்பே போய்க் காத்திருந்தன. ஆய்வு நடத்திய அம்மாவுக்கே வியப்பு. பிறகு இடது ஓரத்தில் புள்ளிகள் ஒளிர்ந்தன. (இங்கே ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன்.)

“புள்ளி தெரிஞ்சா பட்டனை அழுத்துங்க தம்பி.”

“இன்னும் ஒண்ணும் வரலையே மேடம்?”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை எழுத எனக்கு வரவில்லை.

கண் நரம்பு தேய்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம், இடது ஓரத்தில் போனது வராது. தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். தோளைத் தொட்டேன்.

“அப்போ நான் வேணும்னு விடலல்லக்கா? எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு.”

4
முடிவு ஒன்று: சிகிச்சைக்குப் பின் அவன் மீண்டும் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறான், கூட்டம் எழுந்து...

படித்துக் காட்டினேன். “என்னைத் திரும்ப அங்க நிறுத்தாதக்கா. அது பொய். கேப்டன்கிட்ட மட்டும் கூட்டிட்டுப் போ.”

முடிவு இரண்டு: கேப்டன் கதறி மன்னிப்பு... (அவன் கதறுகிற ஆள் இல்லை.)

5
கூட்டிப்போனேன். பயிற்சி முடிந்த மைதானம். இவனுக்கு வந்த நோய் கேப்டனுக்குத் தெரியாது. தூரத்தில் பூட்ஸின் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்தான். தயங்கினான். பிறகு புல்லில் சத்தமில்லாமல் நடந்து, தம்பியின் இடப்பக்கம் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினான்.

தம்பி நேராகப் பார்த்தபடியே இருந்தான்.

“அவன் வரலையாக்கா?” என்றான்.

கேப்டனின் முகம் மாறியது. அது கோபமாக மாறியதா, வேறெதுவாகவா என்பதை நான் இத்தனை வரைவுகளிலும் மாற்றி மாற்றி எழுதிவிட்டேன். இனி என்னால் ஆகாது. நீட்டிய கை இன்னும் தாழவில்லை. யாராவது ஒருவர் பேச வேண்டும். நீங்கள் பேசுங்கள்.