பின்வாசலுக்கு ஒரு சரிவு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தது. போன மழையில் கொல்லைத் தண்ணீர் மொத்தமும் அக்காவின் அறைக்குள் நுழைந்தது. வாளியும் துணியுமாக நின்றுகொண்டு 'இதை எழுதலாமே' என்று நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் இருந்த துணிக்கட்டு மிதந்தது. [மிதக்கவில்லை. நனைந்து, கனத்துப்போய்க் கிடந்தது. 'மிதந்தது' கேட்க நன்றாக இருக்கிறதே என்று எழுதிவிட்டேன். எனக்கு இந்தப் புத்தி உண்டு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதனால் ஒரு குழாய் உடையும்.]

அக்கா சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பின்தெருவில் இருக்கும் தையல்கடையில் துணி வெட்டுவது அவள் வேலை. தினமும் காலையில் அவளைக் கொல்லை மண்ணில் தள்ளிக்கொண்டு போய் கேட்டில் விடுவேன். அதற்கப்புறம் சிமெண்ட் ரோடு, அவளே போய்விடுவாள். நாற்காலி தட்டாமல் போகட்டும் என்று பின்கதவின் வாசற்கட்டையை எப்போதோ எடுத்துவிட்டோம். தண்ணீருக்கும் தட்டவில்லை.

அறையைத் துடைத்து முடித்ததும் அக்கா சொன்னாள்:

"இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். உன்கிட்ட கோவிச்சுக்கிட்டு இல்ல. என்னால முடியல."

எங்கள் தம்பி வேறு ஊரில், ஏழாவது மாடியில் இருக்கிறான். அங்கே தண்ணீர் வராது, தையல்கடையும் வராது. அக்கா சொன்னால் செய்கிறவள். அன்றைக்கே பெட்டியை இறக்கி, பாதி அடுக்கி, கதவோரம் வைத்துவிட்டாள்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வித்தை எனக்குத் தெரியும். இருந்தாலும் நேராகவே சொல்கிறேன். அவள் போகக் கூடாது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

2

கதையை இப்படித் தொடங்கினேன்:

'மண்ணுக்கும் மனிதனுக்குமான உறவு ஆதிகாலம் தொட்டே—' [வேண்டாம். யாரோ மைக் பிடித்தது போல இருக்கிறது.]

பிறகு இப்படி:

'வானம் கறுத்திருந்தது. அவள் ஜன்னலோரம் அமர்ந்து, வராத யாருக்காகவோ—'

அக்கா இதைப் படித்துவிட்டு, "நான் எப்ப ஜன்னல் ஓரமா உக்காந்தேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டாள். அதுவும் போயிற்று.

ஆகவே: மண் வெட்ட ஆள் தேடினேன்.

எங்கள் கொல்லை வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அதை வெட்டி, தாழ்த்தி, வேறு பக்கம் சாய்த்துத் தர வேண்டும். முதலில் வந்த காண்ட்ராக்டர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, "முடிச்சிரலாம் மேடம்" என்றார். எதை என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும்" என்றார். இரண்டாவது ஆள் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். சோதித்துப் பார்க்க, கொல்லையை வீட்டுக் கூரை மேல் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். அதற்கும் தலை ஆடியது. [கூரைக் கேள்வியை நான் கேட்கவில்லை. மற்றதெல்லாம் நிஜம்.]

3

மூன்றாவதாக வந்தவர் ஒரு பெண். சொந்தமாகப் பொக்லைன் வைத்துத் தானே ஓட்டுகிறவர். இவரை எழுதுவதுதான் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. முதல் வரைவில், அதிகம் பேசாமல், ஒரு பிடி மண்ணை முகர்ந்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஆளாக எழுதியிருந்தேன். நிஜத்தில் அவர் வாயை மூடவே இல்லை. சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்ததும் வராததுமாகத் தான் செய்து கொடுத்த வீடுகளின் பெருமையை அளந்தார். மண்ணை முகரவில்லை. தும்மினார்.

ஆனால் மூன்று பேரில் அவர்தான் அக்காவின் அறைக்குள் போய், சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் குனிந்து பார்த்தார். வெட்டுகிற மண்ணை எங்கே கொட்டுவது, பக்கத்து வீட்டு மதில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வரிசையாகக் கேட்டார். முதல் இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாவதற்கு, "இடது பக்க மதிலை ஒட்டி" என்று பளிச்சென்று சொன்னேன். ஒரு கேள்விக்காவது பதில் தெரிந்த பெருமை எனக்கு.

இவரையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.*

* கதையிலும் சரி, கொல்லையிலும் சரி.

4

"கதவுலேர்ந்து கேட்டுக்கு ஒரே சரிவா இறக்கிடறேன். தண்ணி சும்மா ஓடும் பாருங்க" என்றார் பொக்லைன்காரம்மா.

"நானும் சேந்து ஓடுவேன். திரும்பி எப்படி ஏறுறது?" என்றாள் அக்கா.

"அதான் இவங்க இருக்காங்களே, தள்ள மாட்டாங்களா?"

"இவ தள்ளக் கூடாதுன்னுதான் இந்த வேலையே."

எனக்கு இது புதுச் செய்தி. நான் தண்ணீரை வெளியே அனுப்ப ஆள் பிடித்தேன். அக்கா தன்னை வெளியே அனுப்பிக்கொள்ள ஆள் பிடித்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. தினமும் தள்ளுவதை நான் ஒரு பாரமாக நினைத்ததே இல்லை. அவள் நினைத்திருக்கிறாள்.

"அக்கா, தண்ணிக்குச் சரிவு வேணும். நாற்காலிக்கு மட்டம் வேணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் பொக்லைன்காரம்மா.

"ரெண்டும் வேணும்."

"அது நடக்காதுக்கா."

"நானும்தான் நடக்க மாட்டேன். அதுக்காக ஒரே எடத்துலயா இருக்கேன்?"

பொக்லைன்காரம்மா சிரித்துவிட்டார். "முதல்ல வீட்டு ஓரமா குறுக்க ஒரு பள்ளம் எடுப்போம். உள்ள வர்றதையாவது நிறுத்துவோம். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று வண்டியில் ஏறினார்.

5

இடது பக்கம் குழாய் இருப்பதாக நான் சொன்னதால் இடது பக்கம் மெதுவாக, கவனமாக வெட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. வலது பக்கம் கவலையில்லாமல் பொக்லைன் வாளியை இறக்கினார். டமார்.

ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது.

விஷயம் இதுதான். சில வருடம் முன்பு இதே வீட்டை வைத்து ஒரு கதை எழுதினேன். ஒரு வாக்கியம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக வலப்பக்கக் குழாயை இடப்பக்கம் மாற்றினேன். பிறகு எனக்குக் கதை மட்டும்தான் ஞாபகம் இருந்தது. என் சொந்தக் கொல்லையை என் சொந்தக் கதையிலிருந்து படித்துச் சொல்லியிருக்கிறேன். எந்த மேஸ்திரியும், எந்தப் பொறியாளரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்.

"எழுத்தாளரம்மா! வால்வு எங்கன்னாவது தெரியுமா, இல்ல அதுவும் கதையா?"

ஓடினேன். வால்வில் கை வைத்த நேரம் அக்கா கத்தினாள்:

"மூடாதே! இரு! தண்ணியைப் பாரு!"

மூன்று பேரும் பார்த்தோம். தண்ணீர் வழக்கம்போல அக்காவின் கதவைக் குறிவைத்துக் கிளம்பியது. நேராக வந்து, அப்போதுதான் வெட்டிய பள்ளத்தில் விழுந்தது. பிறகு பள்ளத்தோடு வலப்பக்கம் திரும்பி, பக்கத்துச் சந்தில் இறங்கி, அங்கே ஓடுகிற வாய்க்காலில் சேர்ந்தது. கேட் இருக்கும் திசையையே அது திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியா? தண்ணிக்குக் கேட் வேணாம், எனக்குத்தான் கேட் வேணும்" என்றாள் அக்கா. "எனக்குப் பாதையை நேரா விடும்மா. தண்ணிக்குச் சரிவைக் குறுக்க வெட்டு. துணியில கிராஸ் கட் போடற மாதிரி."

"பாதையையும் ஒரு பக்கம் லேசா சாய்க்கணும்கா, இல்லன்னா மேலயே தண்ணி நிக்கும். சாய்ச்சா நாற்காலி வலது பக்கம் இழுக்கும்."

"இழுக்கட்டும். வலது சக்கரத்தைக் கொஞ்சம் கூட அழுத்தணும், அவ்வளவுதானே? கத்திரி பிடிக்கிற கை. அது பாத்துக்கும்."

பொக்லைன்காரம்மா ஒரு குச்சியை எடுத்தார். மண்ணில் கோடு போட ஆரம்பித்தார்.

"இப்பவாவது மூடலாமா?" என்று வால்வோரத்திலிருந்து கேட்டேன். நான் இருந்ததையே இருவரும் மறந்திருந்தார்கள்.

6

இந்தப் பகுதியில் பொக்லைன் உறுமுவதையும் மண் வாசனையையும் பற்றி நீளமாக எழுதி— [அடித்தேன். நீங்களும் மண்ணைப் பார்த்தவர்கள்தான்.]

வேலை முடிந்தது என்று பொக்லைன்காரம்மா கையை உதறியதும், அக்கா மடியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டிவிட்டாள். வீட்டுப் பக்கமாக அது திரும்பிய இடத்தைக் காட்டி, "இங்க இன்னும் வெட்டணும்" என்றாள். மறுபடி வெட்டு. மறுபடி நூல்கண்டு. வேறொரு இடத்தில் திரும்பியது.

"நூலை வச்சு என் உயிரை வாங்கறீங்களேக்கா."

"வாங்கலம்மா. சரியா தைச்சுக் குடுன்னு சொல்றேன்."

கண்டு எங்கிருந்து விட்டாலும் வலப்பக்கமே உருண்ட பிறகுதான் வண்டியைக் கிளம்ப விட்டாள். இடது ஓரமாகக் கதவிலிருந்து கேட்வரை இறுக்கித் தட்டிய பாதை. மிச்சக் கொல்லை முழுக்க வீட்டுத் தரைமட்டத்தை விடத் தாழ்ந்து, சந்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. போகும்போது பொக்லைன்காரம்மா என்னிடம் சொன்னார்:

"உங்க அக்காவை வச்சுக் கதை எழுதாதீங்க. யாரும் நம்ப மாட்டாங்க."

7

முடிவுகள். மழை வருவதற்கு முன் எழுதி வைத்தவை.

அ) மழை. தண்ணீர் சந்துக்குப் போகிறது. அக்கா தானே கேட்டைத் தொட்டுத் திரும்புகிறாள். பொக்லைன்காரம்மா போனில், "நான் அப்பவே சொல்லல?" என்கிறார். [அவர் சொல்லவில்லை.]

ஆ) தண்ணீர் போகிறது. ஆனால் பாதி வழியில் நாற்காலி வலப்பக்கம் இழுத்து, சேற்றில் இறங்கிவிடுகிறது. நான் ஓடிப்போய்— [இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.]

இ) தண்ணீர் மறுபடியும் உள்ளே— [மாட்டேன்.]

மூன்றும் இப்போது உபயோகமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துவிட்டது. போன தடவை மாதிரியே கனத்த மழை. அக்கா ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்துவிட்டாள். பெட்டி கதவோரத்தில்தான் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

"மழை விடட்டும்கா."

"மழை விட்டா என்னத்தைப் பாக்கறது?"

நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது. பழக்கதோஷம், நான் பின்னால் போய் நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"கையை எடு."

எடுத்துவிட்டேன். பேனாவையும் சேர்த்துத்தான்.

நாற்காலி நகர்கிறது. இங்கிருந்து எனக்கு அவள் முதுகும் மழையும்தான் தெரிகின்றன. படிக்கிற நீங்கள் கேட் பக்கம் நிற்கிறீர்கள், உங்களுக்கு முகம் தெரியும். சக்கரம் லேசாக வலப்பக்கம் இழுத்தால் பதறாதீர்கள், அது கணக்கில் இருக்கிறது. ஒரே ஒரு உதவி: ஓடிவந்து பிடித்துவிடாதீர்கள். கூப்பிட்டால் போங்கள்.

இன்னும் கூப்பிடவில்லை.