பகல் தூக்கத்துக்கு ஒரு கூரை

செல்வகுமாருக்குப் பகலில்தான் ராத்திரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்டு முடித்து, பாரிவாக்கம் வந்து, மாடியறையில் தலையைச் சாய்க்கும்போது ஊரே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். அந்த மாடியறைக்குத் தகரக் கூரை. வெயில் ஏறினால் உள்ளே அடுப்புதான். ஈரத்துணியை மார்பில் போட்டுக்கொண்டு புரளுவான். ஒருநாள் மெஷின் முன்னால் கண்ணயர்ந்து, கை உள்ளே போகவிருந்த நேரத்தில் பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவன் மனைவி யுவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"இந்தத் தகரத்தப் பிரிச்சிட்டு ஓடு போடப் போறேன்."

கீழ்வீட்டில் இருந்த செல்வகுமாரின் அண்ணன் மதுரைவீரனுக்குச் சுருக்கென்றது. அவர் வெல்டர். தகரம் அவர் கையால் போட்டது.

"ஓடா? இன்னா யுவராணி, ஓடு போட்டவன்லாம் பிரிச்சிட்டு ஷீட்டு போட்டுக்கினு கீறான். நீ இன்னாடான்னா தலகீழா போற. மழ பேஞ்சா ஒழுவும்மா."

"ஏன் ஒழுவுதுன்னு தெரிஞ்சிக்கினு போட்டா ஒழுவாது மாமா."

வாய் சொல்லிவிட்டது. ஏன் ஒழுகும் என்று அவளுக்கும்தான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனாள். முகமது இஸ்மாயிலின் ஓட்டுக்கடை வாசலில் நீல நிறத்தில் பளபளவென்று ஓடுகள் அடுக்கியிருந்தன. பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"அது சிமெண்ட் ஓடும்மா. தூக்கிப் பாரு," என்றார் இஸ்மாயில். ஒரு கையில் அதையும், மறு கையில் சிவப்பு மங்களூர் ஓட்டையும் கொடுத்தார். நீல ஓடு கையைக் கீழே இழுத்தது. "கூரை முச்சூடும் இந்த வெயிட்டு ஏறும். அதுக்குத் தக்கன சொவரும் கம்பியும் வேணும். மாடியறைன்னு சொல்ற, மண் ஓடே போதும்."

"அப்ப அந்தச் சின்ன ஓடு, பாய்?"

"நாட்டு ஓடு. ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து அடுக்கறது. பூனை ஓடுனாக்கூட நகரும். வருசா வருசம் ஆள் ஏறிச் சரி பண்ணணும். மங்களூர் ஓட்டுல பாரு, ஓரத்துல பள்ளம் கீது. பக்கத்து ஓடு அதுல வந்து உக்காந்துக்கும்."

"ஆனா ஒழுவும்னு சொல்றாங்களே?"

"சாய்ப்பு கம்மியா வெச்சா எந்த ஓடும் ஒழுவும்மா. தண்ணி நிக்காம ஓடணும். இன்னொண்ணு, ஓடு மாட்டற கம்பிய அடிச்சிட்டு ஓடு வாங்க வராத. ஓடு வெச்சி அளந்து கம்பி அடிக்கச் சொல்லு."

நல்ல ஓடு தட்டினால் கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது மழுங்கலாகக் கேட்கும் என்றும் காட்டிக்கொடுத்தார். மாதிரிக்கு எடுத்த ஓடுகளை ஒவ்வொன்றாக அவளே தட்டிப் பார்த்து வாங்கி வந்தாள்.

தம்பி வீட்டில் வேறொரு வெல்டர் கைவைப்பதை மதுரைவீரன் பொறுப்பாரா? முணுமுணுத்துக்கொண்டே தகரத்தைப் பிரித்துச் சட்டம் அடிக்க இறங்கினார். யுவராணி வேலை முடிந்து வந்து பார்த்தபோது கூரை உச்சியில் வரும் முகட்டுக் குழாயைப் பற்றவைத்து முடித்திருந்தார். தகரத்துக்கு இருந்த அதே படுத்த சாய்ப்பு.

"மாமா, இன்னும் தூக்கணும்."

"எத்தினி ஊட்டுக்குப் போட்டிருக்கேன்! எனக்கே கணக்கு சொல்றியா?"

வாதாடினால் ஆகாது என்று புரிந்துவிட்டது. மறுநாள் காலை, பழைய கட்டில் பலகையில் ஓட்டு அளவுக்குக் குறுக்குச் சட்டங்களை அறைந்தாள். நடுவே தண்ணீர் இறங்க இடைவெளி விட்டு, மாதிரி ஓடுகளை மாட்டினாள். பலகையை மதுரைவீரன் வைத்த அதே சாய்ப்பில் செங்கல் மேல் நிறுத்தினாள். ஷிப்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த செல்வகுமார் கையில் மோட்டார் ஓஸ்.

"காத்தோட மழ வர்ற மாதிரி கீழருந்து மேல அடிங்க," என்றாள்.

தண்ணீர் ஓடுகள் மேல் ஏறி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்துக்குள் நுழைந்தது. பலகைக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மதுரைவீரன் குனிந்து பார்த்தார்.

யுவராணி ஓடுகளைத் துடைத்து மாட்டி, செங்கலை ஏற்றி, பலகையை நன்றாகத் தூக்கி நிறுத்தினாள். செல்வகுமார் மறுபடி அடித்தான். ஏறப் பார்த்த தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மதுரைவீரன் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"டேய், இன்னும் வேகமா அடிடா!"

கை காய்ந்தே இருந்தது. எழுந்து போனார். சற்று நேரத்தில் கிரைண்டர் சத்தம் கிளம்பியது. தான் வைத்த முகட்டுக் குழாயைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சுவரை உயர்த்தி முகட்டைத் தூக்கினார். ஒவ்வொரு குறுக்குக் கம்பிக்கும் ஓர் ஓடு வைத்து அளந்து பார்த்தார். கீழே தாங்க வேறு ஓடு இல்லாத அடிவரிசை தொங்கிவிடாமல் இருக்க அதன் கம்பியை மட்டும் சற்று உயர்த்திக் கொடுத்தார். கீழிருந்து மேலாக ஓடு ஏறியது. காற்று தூக்கும் ஓரங்களில் ஒவ்வோர் ஓடாகக் கம்பியால் கட்டினார். முகட்டு ஓட்டுக்குக் கலவை பூசும்போது மட்டும் யுவராணியைக் கூப்பிட்டு, "பாத்துக்க, சந்து எதுனா கீதா?" என்று கேட்டார். அவள் ஒரு இடத்தைக் காட்டினாள். மறுபேச்சில்லாமல் பூசினார்.

ஐப்பசியில் புயல் வந்தது. நண்பகலிலேயே இருட்டி, காற்று தென்னைகளை வளைத்து, மழை சாய்வாக அடித்தது. யுவராணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே மதுரைவீரன் டார்ச்சோடு.

செல்வகுமார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மதுரைவீரன் டார்ச்சை முகட்டிலிருந்து சுவர்வரை மெல்ல இறக்கினார். மூலை மூலையாகப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை.

"நீ ஜெயிச்சிட்டம்மா," என்று கிசுகிசுத்தார்.

அப்புறம் அவருக்கு உள்ளே இருப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் இறங்கி, கொட்டும் மழையில் நின்று, கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுவதைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஷோபனா ஜன்னலைத் திறந்து, "அண்ணே, உள்ள ஒழுவலையா?" என்று கத்தினாள்.

"வந்து பாரு! எங்க யுவராணி சொல்லி, நான் போட்ட கூரை! இந்த ஏரியாலயே எவன் ஊட்டுல கீது இது மாதிரி?"

"மாமா, கத்தாதீங்க, அவர் தூங்கறாரு!" என்று கதவிடுக்கில் நின்று யுவராணியும் கத்தினாள். தன் குரல்தான் பெரிதாகக் கேட்டது என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். செல்வகுமார் புரண்டுகூடப் படுக்கவில்லை.