கத்பர்ட்டுக்கு இரண்டு குழி

"கோவிலுக்கு வராதவனுக்குக் குழி கிடையாது" என்று போதகர் சொல்லிவிட்டார். என் கணவர் கத்பர்ட் இறந்து அப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் ஊரில் பாதிப் பேர் எங்களைப் போலக் கத்தோலிக்கர்கள்தான். ஆனால் கல்லறைத் தோட்டம் ராணியின் புராட்டஸ்டன்ட் சபையிடம் இருந்தது.

மறுநாள் விடியுமுன் நானும் கொழுந்தன்மார் இருவரும் தாழ்ந்த சுவரைத் தாண்டிப் போய், எங்கள் மூத்த பிள்ளை ராபினுக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் காலை சாம்பல் கொட்டப் பின்கதவைத் திறந்தேன். வாசற்படியில் சவப்பெட்டி இருந்தது. மேலெல்லாம் ஈர மண். மூடியின் ஒரு மூலை பிளந்து, உள்ளே துணி தெரிந்தது. வேறு யாரோ இறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அது நான் தைத்த துணி என்று உறைத்தது.

வேலியோரம் என் தம்பி கில்பர்ட் நின்றான். எங்களைப் போலக் கத்தோலிக்கனாக இருந்து ராணியின் சபைக்கு மாறியவன்; இப்போது போதகரின் கோவில் நிர்வாகி. மணிக்கட்டு வரை மண்.

"நீயாடா தோண்டுன?"

"போதகர் உத்தரவு, அக்கா. நான் மாட்டேன்னிருந்தா வேற ஆளுங்க எடுத்து ரோட்டுல போட்டிருப்பாங்க. நான் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்ல."

"போன மாசம் வரைக்கும் அத்தான் அத்தான்னு அவரு கூட உக்காந்து பீர் குடிச்சியேடா."

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"ராபின் குழியையும் கிளறுனியா?"

"ஐயோ, இல்லக்கா. அதைத் தொடவேயில்ல."

அழுகை வரவில்லை. கொழுந்தன்மாரைக் கூப்பிட்டு, கொல்லையில் வெங்காயப் பாத்தியைக் கொத்திக் குழி வெட்டச் சொன்னேன். கில்பர்ட் மண்வெட்டியை எடுக்க வந்தான்.

"நீ தொடாத" என்றேன்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு அங்கேயே நின்றான். எங்கள் குருவானவர் யாரும் இல்லாததால் எனக்குத் தெரிந்த லத்தீன் ஜெபத்தை நானே சொன்னேன். முடித்ததும் அவன் வாயிலிருந்து "ஆமென்" வந்துவிட்டது. சட்டென்று திரும்பி, யாராவது கேட்டார்களா என்று தெருவைப் பார்த்தான். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சந்தையில் இப்போது எதிரே வந்தால் தலையசைப்பான், நானும் அசைப்பேன். அதோடு சரி. கூடப் பிறந்தவனே தோண்டி எடுத்தான் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.